பெருவிரல் அறிந்த கரை

பழைய பொருள்களைப் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. சிதைந்து கொண்டிருந்த ஒன்றை நாம் காப்பாற்றினோம் என்கிற பெருமிதம். எங்களுக்கும் அது இருந்தது. அது கலைந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார். இளையவர் திருச்சியில் கார்களுக்கு வண்ணம் பூசும் பட்டறை வைத்திருக்கிறார். பழுது பார்த்த பொருள் எங்கள் சித்தப்பாவின் பேஸ் கித்தார். குறிப்பாக அதன் கழுத்து.

சித்தப்பா 1979 முதல் 2006 வரை மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கித்தார் வாசித்தவர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று காவிரிக் கரை ஊர்கள் பலவற்றிலும் அவர் மேடை ஏறியிருக்கிறார். ஆனால் அவரை மேடையில் பார்த்ததாகச் சொல்பவர்கள் குறைவு. பாடகர்கள் மேல்தான் விளக்கு விழும். பேஸ் வாசிப்பவர் டிரம்ஸ் பக்கத்தில், அரையிருட்டில் நின்று கொண்டிருப்பார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு நிலைமை சற்று மாறியது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கித்தார் பாட்டுக்கு அடியில் வெறும் தாங்குகட்டையாகக் கிடக்காமல் தனக்கென்று ஒரு வழியில் நடந்தது. அந்த வழி தவறினால் கேட்பவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ குறைகிறது என்பது மட்டும் தெரிந்துவிடும். சித்தப்பா கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு அவற்றைக் கற்றார். எங்கள் பள்ளிப் பருவத்து இரவுகளில் பக்கத்து அறையிலிருந்து வந்த தும் தும் என்ற ஒலிக்கு இதுதான் காரணம்.

அந்தக் கருவியை 1983-இல் சென்னையில் வாங்கினார். ஓட்டல் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரும்போது விற்றது. என்ன விலை கொடுத்தார் என்பதைச் சித்தியிடம் அவர் இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை.

*

அது ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் இந்த வகையை 1951-இல் வெளியிட்டார். அதற்கு முன் மேடைகளில் ஆளுயர டபுள் பேஸ்தான் பெரும்பாலும் கோலோச்சியது. அதில் ஃப்ரெட் கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதும் பழக்கமும்தான் சொல்ல வேண்டும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோலக் கழுத்தின் குறுக்கே உலோகக் கட்டைகளைப் பதித்து, சுரம் துல்லியமாக விழும்படி செய்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 75 கிலோ. மேப்பிள் மரத்துக் கழுத்து இந்த இழுப்பை ஆண்டுக்கணக்கில் தாங்கியாக வேண்டும். அதற்கு உதவியாக உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது.

2023 ஆவணியில் சித்தப்பா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். தந்திகள் மெட்டுகளை விட்டு மிக உயர்ந்துவிட்டன, அழுத்த முடியவில்லை என்றார். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்து அவருக்குப் பார்வை மங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆள் நிற்பது தெரியும். யார் என்பது குரலைக் கேட்டால்தான் தெரியும். ஆனாலும் மாலைதோறும் அரைமணி நேரம் வாசிப்பதை அவர் விடவில்லை.

"என்னமோ பண்ணுங்கடா. கம்பி கீழ இறங்குனாப் போதும்" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான்.

இந்த வகைக் கருவிகளில் உள்ளே ஓடும் கம்பியை முறுக்கும் திருகு கழுத்தின் அடிமுனையில், உடலுக்குள் மறைந்திருக்கிறது. எனவே தந்திகளைத் தளர்த்தி, பின்புறமுள்ள நான்கு திருகாணிகளைக் கழற்றி, கழுத்தையே தனியாக எடுத்தோம். உடலுக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்த அடிமுனையில் மை முத்திரை ஒன்று தெரிந்தது. மாதமும் ஆண்டும்: 1966. ஏட்டின் கடைசியில் எழுதியவன் ஊரும் நாளும் குறித்திருப்பதைக் கண்ட மகிழ்ச்சி எங்களில் மூத்தவருக்கு.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் சேதம் முழுமையாகத் தெரிந்தது. மேப்பிள் கழுத்தின் பின்புறம் ஒரு காலத்தில் முழுக்க மெருகு பூசியிருந்தது. இப்போது உடலை ஒட்டிய பகுதியில் மட்டும் அது தேன் நிறத்தில் மின்னியது. தலைப்பக்கத்திலிருந்து ஐந்தாம் மெட்டு வரை மெருகு அறவே போய், வெறும் மரம் சாம்பல் பூத்துக் கறுத்துக் கிடந்தது. சித்தப்பாவின் பெருவிரல் நாற்பது ஆண்டுகள் ஊர்ந்த பாதை அது. அவருக்கு முன்னால் அந்த ஓட்டல்காரரின் பெருவிரலும் பதினேழு ஆண்டுகள் ஊர்ந்திருக்கக்கூடும்.

இது வெறும் அழகுக் குறை அன்று. மேப்பிளுக்குத் தன்னுள் எண்ணெய்ப் பசை குறைவு. விரற்பலகையாக ஒட்டப்பட்டிருக்கும் ரோஸ்வுட்டுக்கு அது உண்டு. அதனால் அதற்குப் பூச்சு தேவையில்லை. மேப்பிளோ திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தையும் கையின் வியர்வையையும் குடிக்கிறது, மழைக்காலத்தில் உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது. கழுத்து வளைந்து தந்தி உயர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு. ஆகவே கம்பியை முறுக்கினால் மட்டும் போதாது, கழுத்தையும் மூட வேண்டும் என்று முடிவு செய்தோம். இதைச் சித்தப்பாவிடம் சொன்னோம். சரி என்றார். எப்படி மூடப் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை.

*

எப்படி மூடுவது என்பதில் எங்களுக்குள் ஒரு மாத காலம் வாதம் நடந்தது.

அந்தக் காலத்து ஃபெண்டர் கருவிகளின் மெருகு நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திச் செய்வது. பழைய சினிமாப் படச்சுருளுக்கும் இதே பொருள்தான் அடிப்படை. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றியதும் இதனால்தான். 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் இதிலிருந்து கார்களுக்கு விரைவில் உலரும் வண்ணம் செய்து, டூகோ என்று பெயரிட்டது. அந்தப் பெயர்தான் இன்றும் நம் ஊர்ப் பட்டறைப் பலகைகளில் 'டூகோ பெயிண்டிங்' என்று நிற்கிறது. ஃபெண்டர் நிறுவனமும் கித்தார்களுக்கு டூபாண்டின் கார் வண்ணங்களைப் பயன்படுத்தியிருக்கிறது. எங்களில் இளையவருக்கு இதைக் கேட்டதும், ஃபுல்லர்ட்டன் ஏதோ தன் பட்டறைக்கு அடுத்த தெரு என்பது போன்ற உரிமை வந்துவிட்டது. அடிமுனையில், கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சொட்டுத் தின்னர் வைத்துப் பார்த்தார். மெருகு இளகியது. 1968 வாக்கில் அந்நிறுவனம் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அதுவாக இருந்தால் இளகியிராது.

லாக்கரின் சிறப்பு, புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும் என்பது. ஆகவே கழுத்து முழுவதும் புதிய லாக்கரை அடித்து, சிறிது தேன் நிறமும் கலந்துவிட்டால், தேய்மானம் இருந்த சுவடே தெரியாது என்றார் இளையவர். 1966-இல் எப்படி வெளியே வந்ததோ அப்படியே ஆகிவிடுமாம்.

மூத்தவர் மறுத்தார். அவருக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. 1894-இல் உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது, செல்லரித்துப் போன ஏடுகளில் பல பாடல்கள் குறைபட்டுக் கிடந்தன. 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. அவரைப் போன்ற புலமையாளருக்கு விடுபட்ட அடிகளைத் தாமே யாப்புப் பிசகாமல் எழுதி நிரப்புவது பெரிய காரியமாக இருந்திராது. அவர் அதைச் செய்யவில்லை. சிதைந்த இடங்கள் புள்ளிகளாகவே அச்சேறின. இல்லாததை இல்லாததாகக் காட்டுவதுதான் பதிப்பாசிரியனின் நேர்மை. தேய்ந்த இடத்தைத் தேன் நிறத்தால் நிரப்புவது இடைச்செருகல் என்றார் மூத்தவர். கைபட்டுத் தேய்ந்த பழைய கருவிக்குப் புதுப்பூச்சு அடித்தால் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்புக் குறையும் என்கிற உலகியல் நியாயத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நிறம் வேண்டாம், லாக்கரும் வேண்டாம். வெறும் மரத்தின் மேல் மட்டும் மெழுகு நீக்கிய அரக்கை மெல்லிய படலமாகப் பூசுவது. அரக்கு நம் நாட்டுப் பொருள். ஜார்க்கண்ட் பகுதிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரப்பது. பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையிலும் அதுதான், எங்கள் தாத்தா கேட்ட 78 சுழற்சி இசைத்தட்டிலும் அதுதான். ஈரத்தைத் தடுக்கும், எதன்மேலும் ஒட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். நாங்கள் தவறு செய்தாலும் பின்னால் வருகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். இந்த முடிவில் எங்களுக்கு மிகுந்த நிறைவு ஏற்பட்டது. இருவர் கொள்கையும் காப்பாற்றப்பட்டன.

*

வேலையை ஐப்பசியில் தொடங்கியது முதல் பிசகு.

முதலில் லைட்டர் பெட்ரோல் நனைத்த துணியால் அழுக்கை எடுத்தோம். துணி கறுக்கக் கறுக்க மாற்றினோம். பிறகு அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலமாக்கி, அதில் தோய்த்துப் பூசினோம். வெளியே அடைமழை. இரண்டாம் பூச்சில் கழுத்து முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அரக்குக்குள் சிக்கிக்கொண்டால் இப்படி ஆகும். பட்டறையில் மழைநாளில் லாக்கர் அடித்தாலும் இதே கதைதான். தெரிந்தே அவசரப்பட்டோம். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, பனி முடிந்து வெயில் ஏறும் மாசி வரை காத்திருந்தோம். துடைத்தால் போய்விடும் பொருளைத் தேர்ந்தது எவ்வளவு சரி என்று அப்போது ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

2024 மாசியில் வேலை நன்றாக அமைந்தது. பூசுவதற்கு முன் ஒரு சிறு காரியம் செய்தோம். வெறும் மரம் முடிந்து பழைய மெருகு தொடங்கும் இடத்தில் ஒரு விளிம்பு இருந்தது. ஒரு தலைமுடிப் பருமன்தான் இருக்கும். அதன்மேல் பூச்சு சீராக அமராது. இளையவர் 600 எண் வாட்டர் பேப்பரை நனைத்து அந்த விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தார், பிறகு 1000. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒட்டுப் பூச்சில் விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டால் அது வேலையே இல்லை என்பது அவர் பட்டறையின் முதல் பாடம். மூத்தவரும் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். புள்ளி வைப்பதா நிரப்புவதா என்று ஒரு மாதம் வாதிட்டவர்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இதை நாங்கள் ஒரு முடிவாகவே கருதவில்லை. இது வெறும் முன்வேலை.

எட்டு மெல்லிய பூச்சுகள். இரண்டு வாரம் உலர்ச்சி. கம்பியை முறுக்கி, கழுத்தைப் பூட்டி, தந்தி ஏற்றினோம். சாம்பல் நிறம் அரக்கின் அடியில் அப்படியே தெரிந்தது. தேய்மானம் தேய்மானமாகவே இருந்தது. ஆனால் தொட்டால் கண்ணாடி.

*

பங்குனியில் ஒரு மாலை உறையூர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். சித்தப்பா கருவியை மடியில் வாங்கி, தந்திகளை அழுத்திப் பார்த்து, "நல்லா இறங்கிருச்சுடா" என்றார். பிறகு சுருதி சேர்க்கத் தொடங்கினார்.

பேஸ் கித்தாரில் சுருதி சேர்க்கும் பழைய முறை எளிமையானது. தடித்த தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் திறந்த சுரம் வர வேண்டும். அடுத்தடுத்த தந்திகளுக்கும் அப்படியே. ஆக, எந்தக் கச்சேரிக்கு முன்னும் கை முதலில் போகும் இடம் ஐந்தாம் மெட்டு. தலைமுனையிலிருந்து எட்டரை அங்குலம். சித்தப்பாவின் இடக்கை வழக்கம்போல் கழுத்தில் வழுக்கி வந்தது. ஐந்தில் நிற்கவில்லை. ஆறில் விழுந்தது. அரைச் சுரம் கூடி அபசுரமாக ஒலித்தது.

மீண்டும் தலைமுனைக்குப் போய் வந்தார். இந்த முறை நான்கு.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வயது, பார்வை என்று நினைத்தோம். அவர் தந்தியை விட்டுவிட்டுக் கழுத்தின் பின்புறத்தைப் பெருவிரலால் மேலும் கீழுமாகத் தடவினார். மறுபடி தடவினார்.

"இங்க ஒரு கரை இருந்துச்சேடா?" என்றார்.

எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் எங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. தன் கையைத்தான் கேட்டார்.

வெறும் மரத்தில் ஊர்ந்து வரும் பெருவிரல், ஐந்தாம் மெட்டுக்கு நேரே பழைய மெருகின் விளிம்பில் முட்டி நிற்கும். மேடையின் அரையிருட்டில் கழுத்தின் பக்கவாட்டுப் புள்ளிகள் தெரியாத காலத்திலிருந்து, கண்ணே மங்கிப்போன இந்தக் காலம் வரை, அவருக்கு இடம் சொல்லி வந்தது அந்தத் தலைமுடிப் பருமன். அது இருந்தது என்பதே இல்லாமல் போன அன்றுதான் அவருக்கும் தெரிந்தது. முன்பே கேட்டிருந்தால்கூட அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கழற்றுவதற்கு முன் ஒருமுறை அவரை வாசிக்கச் சொல்லி, அந்தக் கை எங்கே எப்படிப் போகிறது என்று நாங்கள் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தோம்.

அரக்கைத் துடைத்துவிடலாம், தேய்த்த விளிம்பை என்ன செய்வது? திரும்ப எடுக்கக்கூடிய காரியத்துக்கு அவ்வளவு யோசித்தவர்கள், எடுக்க முடியாத காரியத்தை யோசிக்காமல் செய்திருக்கிறோம். ஏடு பெயர்த்து எழுதுகிறவர்களைப் பற்றி வகுப்பில் சொல்வதுண்டு. புரியாத சொல்லை விட்டு வைப்பவரால் பாடத்துக்குத் தீங்கில்லை. புரிந்துவிட்டதாக எண்ணி, பிழை என்று கருதித் திருத்துபவரால்தான் மூலம் தொலைகிறது. அப்படித் திருத்தியவர்களும் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள்.

*

ஒரு முயற்சி செய்து பார்த்தோம். வேலைக்கு முன் கைபேசியில் எடுத்த படங்கள் இருந்தன. நிறம் மாறும் இடம் அவற்றில் தெளிவாகத் தெரிந்தது, உயரம் தெரியவில்லை. புகைப்படத்துக்குத் தொடுவுணர்ச்சி இல்லை. இருந்தும், அந்தக் கோட்டில் ஒட்டுத்தாள் ஒட்டி, மறுபுறம் மட்டும் அரக்கைப் பன்னிரண்டு முறை ஏற்றி ஒரு விளிம்பை உண்டாக்கினோம். சித்தப்பா தடவிப் பார்த்தார்.

"இருக்கு. ஆனா இது நீங்க போட்ட கரை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பழைய விளிம்பு நேர்க்கோடாக இல்லை. அவர் பெருவிரல் சாயும் கோணத்தில் வளைந்து, ஓரிடத்தில் மழுங்கி, ஓரிடத்தில் கூர்மையாக இருந்ததாம். எங்களுடையது அளவுகோல் வைத்த கோடு. விரல் அதில் இடறுகிறது, நிற்கவில்லை என்றார். எடுத்துவிடச் சொன்னார். ஸ்பிரிட் துணியால் துடைத்து எடுத்தோம். அந்த ஒன்று மட்டும் எளிதாகப் போயிற்று.

மெட்டுக்கு நேரே சிறு நூல் கட்டலாம், பசைப்புள்ளி வைக்கலாம் என்றெல்லாம் யோசனை சொன்னோம். எதற்கும் அவர் இசையவில்லை. "வாசிச்சா வந்துரும், விடுங்கடா" என்றார்.

இப்போது அவர் சுருதி சேர்க்கும்போது முதலில் திறந்த தந்தியைத் தட்டிக் கேட்கிறார். பிறகு கை ஐந்தைத் தேடுகிறது. நான்கிலும் ஆறிலும் விழுந்து, காது திருத்த, ஐந்துக்கு வருகிறது. முன்பு கேட்டே இராத தடுமாற்றம் ஒவ்வொரு மாலையும் அந்தக் கூடத்தில் கேட்கிறது. நாங்கள் போகிற நாள்களில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை.

அரக்கு லாக்கரைவிட மென்மையானது. வியர்வைக்கு நெடுநாள் தாங்காது. தொடங்கும்போது இதை ஒரு குறை என்று மூத்தவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். சென்ற வாரம் தந்தி மாற்றக் கருவியை வெளிச்சத்தில் திருப்பியபோது, இரண்டாம் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடையே பளபளப்பு மங்கியிருந்ததைப் பார்த்தோம். நகத்தளவு அகலத்தில், சற்றுச் சாய்வாக. இளையவர் பழக்க தோஷத்தில் துணியை எடுத்தார். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.